மூன்று மெய், ஒரு வாய்பாடு: தமிழ் தெரிந்தவர் அரபி படிக்கும் வழி

என் அப்பா கிருஷ்ணகிரியில் தாலுக்கா ஆபீஸ் பக்கம் முப்பத்தோரு வருடம் பத்திரம் எழுதினார். ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெட்டி, இரண்டு மைப்பேனா, அவ்வளவுதான் அவருடைய கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வாரிசு, மிராசு, ஆஜர், தாக்கல், மகஜர், மகசூல், தபசில், பசலி, பைசல், வாய்தா, வசூல், நகல், ரத்து என்று நாள் முழுக்கக் காதில் விழும். இந்தச் சொற்களுக்கெல்லாம் அரபியில் வேர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அப்போது நான் ரியாத்தில் நர்ஸ்.

2003இல் அங்கே போனேன். முதல் எட்டு மாதம் ஒரு நோட்டு வைத்து, இடது பக்கம் அரபிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, வலது பக்கம் அர்த்தம் எழுதி, தினமும் பத்துச் சொல் என்று மனப்பாடம் செய்தேன். நிறையச் சொல் சேர்ந்தது. ஆனால் வார்டில் ஒரு நோயாளி வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நைட் டூட்டியில் சூடான் நாட்டு மூத்த நர்ஸ் ஒருவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்து, வெவ்வேறு பக்கங்களில் கிடந்த ஆறு சொற்களைத் தேடித்தேடி, ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்தை மட்டும் வட்டமிட்டார். ஆறிலும் அதே மூன்று எழுத்து. நான் ஆறு சொல்லாகச் சுமந்துகொண்டிருந்தது ஒரே சொல்.

இப்போது ஊருக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டிலேயே ஏழெட்டுப் பேருக்கு அரபி சொல்லிக்கொடுக்கிறேன். காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளியிலிருந்து நர்சிங் முடித்த பெண்கள் வருகிறார்கள். ராயக்கோட்டையிலிருந்து டிரைவர் வேலைக்குப் போகவிருக்கும் ஒரு தம்பி வருகிறார். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரபியில் ஒரு சொல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் அப்புறம்.

பகுதியை முன்னால் தேடாதீர்கள்

பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள். படித்தான் என்றால் படி + த் + த் + ஆன். பகுதி முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு வரும். வீடுகளிலிருந்தும் என்ற நீளமான சொல்லிலும் தலைப்பக்கம் ‘வீடு’ கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் நம் கண் பழகிவிட்டது: சொல்லின் முதல் பாதியைப் பார், அதுதான் பொருள்.

அரபியில் இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். கதப என்றால் எழுதினான். காதிப், எழுதுகிறவர். கிதாப், புத்தகம். மக்தூப், எழுதப்பட்டது. மக்தப், அலுவலகம். மக்தபா, நூலகம். இந்த ஆறில் மூன்று சொல் ‘மக்’ என்று தொடங்குகிறது. தமிழ்க் கண் அந்த ‘மக்’கைப் பகுதி என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் அதில் உள்ள ‘ம’ வெறும் ஒட்டு. உண்மையான பகுதி க், த், ப் என்ற மூன்று மெய். அது ஒரே இடத்தில் சேர்ந்து நிற்காது. நடுவில் உயிரெழுத்துகள் புகுந்து புகுந்து வெளியே வரும்.

இதை நமக்குப் புரியவைக்க வேறு எந்த மொழிக்கும் போக வேண்டாம். மெய், உயிர் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அது போதும். அரபியில் மெய்கள் சேர்ந்து பொருளைத் தாங்குகின்றன. உயிர்கள் அந்த உடம்புக்கு வேலை கொடுக்கின்றன: நீ செய்கிறவனா, செய்யப்பட்டதா, செய்யும் இடமா என்று. தமிழிலும் இந்த வித்தை கொஞ்சம் உண்டு. கெடு, கேடு. சுடு, சூடு. பெறு, பேறு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படித்தோம். பின்னால் எதையும் ஒட்டாமல், உள்ளேயுள்ள உயிரை நீட்டியே வினையைப் பெயராக்குகிறோம். தமிழில் ஒரு மூலையில் இருக்கும் அந்தப் பழக்கம்தான் அரபியில் வீடு முழுக்க நடக்கிறது.

‘செய்’ என்ற வாய்பாடு

நான் இந்த வழியை நம்புவதற்குப் பெரிய காரணம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தமிழ் இலக்கணத்தில் வினையெச்சம் சொல்லித்தரும்போது ‘செய்து என்னும் வாய்பாடு’, ‘செய என்னும் வாய்பாடு’ என்று சொல்வார்கள். படித்து, எழுதி, ஓடி எல்லாமே ‘செய்து’ வாய்பாடு. ‘செய்’ என்ற ஒரு வினையை அச்சாக வைத்து, மற்ற வினைகளை அதில் ஊற்றிக் காட்டுகிறோம். யாப்பிலும் அப்படித்தான். தேமா, புளிமா என்று இரண்டு மாங்காயை வைத்துச் சீரை அளக்கிறோம். மாந்தோப்பு ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அரபி இலக்கணக்காரர்கள் அச்சாக எடுத்துக்கொண்ட வினை ஃபஅல. அதன் பொருளும் ‘செய்தான்’ என்பதே. ஃபா, ஐன், லாம் என்ற மூன்று எழுத்து. எல்லா அச்சுக்கும் அந்த மூன்றையே வைத்துப் பெயர் கொடுத்தார்கள். தொலைதூரத்தில் இருந்த இரண்டு இலக்கண மரபுகள் அச்சுக்கு ஒரே சொல்லை எடுத்திருப்பதைப் பார்த்த அன்று எனக்கு அந்த மொழி மேல் இருந்த பயம் போனது.

சரி, முதல் மூன்று மாதத்துக்கு இந்த அச்சுகள் போதும். ஃபாஇல் என்றால் செய்கிறவர். மஃப்ஊல் என்றால் செய்யப்பட்டது. மஃப்அல் அல்லது மஃப்அலா என்றால் பெரும்பாலும் செய்யும் இடம். ஃபஅஆல், அதையே தொழிலாகச் செய்கிறவர். நடு எழுத்து அழுந்தி வரும். தஃப்ஈல் என்றால் செய்வித்தல் என்ற பெயர். இஸ்திஃப்ஆல் என்றால் பெரும்பாலும் செய்யக் கேட்பது, நாடுவது.

இப்போது சமையல் என்ற பொருளுள்ள வேரை ஊற்றுங்கள். தப்பாக், சமையல்காரர். மத்பக், சமையலறை. மத்பூக், சமைத்தது. கழுவுதல் என்ற வேரை ஊற்றுங்கள். மக்ஸலா, கைகழுவும் தொட்டி. மக்ஸூல், கழுவியது. கஸ்ஸாலா, துணி துவைக்கும் மெஷின். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு வேர் மட்டுமே ஒரு நாள் பிழைப்புக்கு ஆகும். ஒரு சொல்லை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும், அச்சு தெரிந்தால் அது ஆளா, இடமா, பொருளா என்பது தெரிந்துவிடும். வேர் தெரிந்தால் எதைப் பற்றியது என்பது தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்தால் அர்த்தம் பாதிக்கு மேல் கையில்.

ஊரிலுள்ள பெயர்களை வைத்தே பழகலாம். முகமது, அகமது, மகமூத், ஹாமித், ஹமீது. பழையபேட்டைத் தெருவில் நின்று ஒரு முறை கூப்பிட்டால் ஐந்து பேரும் வருவார்கள். ஐந்தும் புகழ் என்ற பொருளுள்ள ஹா, மீம், தால் என்ற ஒரே வேர். ஹாமித், புகழ்கிறவர். மகமூத், புகழப்பட்டவர். எந்தப் பெயர் எந்த அச்சு என்று என் வகுப்பில் முதல் நாளே கேட்பேன்.

எழுத்துக்கு இரண்டு மாதம்

வேர் என்பது மெய்யெழுத்துகள் மட்டும்தான் என்றால், ஒரு மெய் தவறினால் முழு வேரும் தவறுகிறது. இதில்தான் நமக்குச் சிரமம் அதிகம். தமிழ் எழுத்தில் அரபியை எழுதி வைப்பதை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். உங்கள் நோட்டில் வேண்டாம். இருபத்தெட்டு எழுத்தையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்கிறேன். வார்டில் ஒரு வயதான அம்மாவிடம், நான் அரபி கற்றுக்கொள்கிறேன் என்று ஆசையாகச் சொன்னேன். அந்தச் சொல் தஅல்லும் என்பதிலிருந்து வரும்; நடுவில் ஐன் என்ற எழுத்து. எனக்கு அப்போது ஐன் வராது. வெறும் ‘அ’ என்றுதான் வாயில் வந்தது. அது ஹம்ஸா என்ற வேறொரு எழுத்து. ஐன் இருந்தால் கற்றுக்கொள்வது; ஹம்ஸா இருந்தால் வலியால் துடிப்பது. அந்த அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேன்? வேன்?” என்று கேட்டார். எங்கே வலிக்கிறது என்று. நோட்டைக் காட்டியதும் புரிந்துகொண்டு, என் விரலை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, ஐன், ஐன் என்று பத்துத் தடவை சொன்னார். தொண்டை உள்ளே இறுகுவது விரலில் தெரிந்தது. இன்று நான் மாணவர்களுக்கு ஐன் சொல்லித்தருவதும் அப்படித்தான், விரலைத் தொண்டையில் வைத்து.

என் பழைய நோட்டில் ‘அமல்’ என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று ஐன், வேலை. இன்னொன்று ஹம்ஸா, நம்பிக்கை. காஃப் என்று இரண்டு எழுத்து உண்டு: பெரிய காஃபில் கல்ப் என்றால் இதயம், சின்ன காஃபில் கல்ப் என்றால் நாய். ஸாதில் ஸைஃப் கோடை, ஸீனில் ஸைஃப் வாள். இதய நோய் வார்டில் வேலை செய்கிறவர் இதைக் கலந்துகட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த அல்-கலீல் என்ற அறிஞர் அரபிக்கு முதல் அகராதி வகுத்தபோது, தொண்டை ஆழத்தில் பிறக்கும் ஒலியிலிருந்து உதடு வரை எழுத்துகளை வரிசைப்படுத்தி, ஐனில்தான் தொடங்கினார். நம் தொல்காப்பியத்தின் பிறப்பியல் படித்தவர்களுக்கு அந்தக் காரியத்தின் ருசி தெரியும். அவருடைய மாணவர் ஸீபவைஹி பாரசீகர். அரபி இலக்கணத்துக்கு அடிப்படையான பெரும் நூலை எழுதியவர் அவர். வெளியிலிருந்து வந்து அந்த மொழியைப் பார்த்தவருக்குத்தான் அதன் கட்டுமானம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நமக்கு இயல்பாகவே கைவந்த இரண்டு விஷயமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். கல், கால் என்று குறில் நெடிலைப் பிரித்துக் கேட்கும் காது நமக்கு இருக்கிறது. படம், பட்டம் என்று ஒற்று இரட்டிப்பதையும் பிரித்துக் கேட்கிறோம். அரபி அச்சுகள் பெரும்பாலும் இந்த இரண்டு வேறுபாட்டில்தான் நிற்கின்றன. அலிம, அறிந்தான். அல்லம, கற்பித்தான். ஆலிம், அறிஞர். என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் சிநேகிதிக்கு இது காதில் விழவே ஒரு வருடம் ஆனது. தமிழ்க் காதுக்கு ஒரு மாலை போதும்.

ஒரு பக்கம், ஒரு வேர்

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தின் நடுவில் கோலத்துக்கு வைப்பது போல மூன்று புள்ளி வைத்து, மேலே மூன்று எழுத்து. சுற்றிலும் அந்த வேரிலிருந்து நீங்கள் கேட்ட சொற்கள். ஒரு நாளில் பத்துப் புதிய சொல் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு வேர் போதும். பக்கத்தைக் காலியாக விட்டு வைப்பதில் தப்பில்லை. என் நோட்டில் சில பக்கம் நிறைய நான்கு வருடம் ஆனது.

எனக்குப் பிடித்த பக்கம் ஃபா, ஸாத், லாம். பொருள்: பிரித்தல். எங்கள் வார்டுக்கு மூட்டு வலியோடு வரும் முதியவர்கள் மஃபாஸில், மஃபாஸில் என்று சொல்லிக்கொண்டு முழங்காலைத் தொடுவார்கள். மஃப்ஸில் என்றால் மூட்டு, எலும்பும் எலும்பும் பிரியும் இடம். மஃபாஸில் அதன் பன்மை. அந்த வேரை நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபஸ்ல்: பருவம், புத்தகத்தில் அத்தியாயம், பள்ளியில் வகுப்பறை. ஃபஸ்ல் என்றதும் அப்பாவின் பசலி நினைவுக்கு வந்தது. ஜூலை 1இல் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு, ஆங்கில வருடத்தில் 590 கழித்தால் வரும் எண். விளைச்சல் பருவத்தை வைத்து வந்த கணக்கு அது. அப்புறம் வழக்கு பைசல் ஆயிற்று என்பாரே, அதுவும் இதே வேர்: இரண்டு தரப்பையும் பிரித்துத் தீர்த்தல். பத்திரத்தின் கடைசியில் ‘தபசில்’ என்று போட்டு நான்கு எல்லையும் எழுதுவார். அது தஃப்ஸீல், பிரித்துப் பிரித்து விவரம் சொல்வது. பஸ் ஸ்டாண்டில் மொபசல் பஸ் என்கிறோமே, அதுவும் முஃபஸ்ஸல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “பாப்பா, அப்ப மகசூலும் தாசில்தாரும்?” என்று கேட்டார். அவராகவே பிடித்துவிட்டார். ஹா, ஸாத், லாம்: கிடைத்தல், சேருதல். மஹ்ஸூல், கிடைத்தது, நமக்கு மகசூல். தஹ்ஸீல், சேர்த்துத் திரட்டுவது. அதைச் செய்கிறவர் தாசில்தார். அதில் ‘தார்’ மட்டும் பாரசீக ஒட்டு. வாரிசும் மிராசும் ஒரே வேர். தாலுக்காவும் இலாகாவும் ஒரே வேர். ஆஜரும் மகஜரும் ஒரே வேர். எங்கள் வார்டில் அறுவைசிகிச்சைக்கு முன்னால் நோயாளியைத் தயார் செய்வதற்குப் பெயர் தஹ்ளீர், அதுவும் ஆஜருடைய வேர்தான்.

ஆஜர் எங்கே, தஹ்ளீர் எங்கே என்று கேட்கலாம். அரபியில் ளாத் என்று ஒரு எழுத்து. பாரசீகமும் உருதும் அதை ‘ஜ’ போல ஆக்கிவிட்டன. ரமளான் என்றும் ரம்ஜான் என்றும் ஒரே சொல்லை நம் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வது அதனால்தான். ஹாளிர் என்பது ஆஜர் ஆனதும் அதே வழியில். ஜாமீன், ஜப்தி, மாஜி, ஜில்லா எல்லாவற்றிலும் அந்த ‘ஜ’ ளாத்தான். ஆனால் கஜானாவில் அது ஸாய், ஜமாபந்தியில் ஜீம். அதனால் ஊர்ச்சொல்லை வைத்து வேரை ஊகித்தபின் அகராதியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அரபி அகராதியில் தேடுவதற்கு ஒரு கருவி வேண்டும். பல நல்ல அகராதிகள் வேர் வரிசையில் இருக்கும். மக்தபா என்ற சொல்லை மீமில் தேடினால் கிடைக்காது. சின்ன காஃபில் தேட வேண்டும். ஒட்டு எது, வேர் எது என்று பிரிக்க அரபி மாணவர்கள் ஒரு சொல்லை மனப்பாடம் செய்வார்கள்: ஸஅல்துமூனீஹா. ‘நீங்கள் அதை என்னிடம் கேட்டீர்கள்’ என்று பொருள். ஒட்டாக வரக்கூடிய பத்து எழுத்தும் அதற்குள் அடக்கம். அதில் இல்லாத எழுத்து சொல்லில் இருந்தால், அது பெரும்பாலும் வேர். மருத்துவமனை வாசலில் இஸ்திஅலாமாத் என்று பலகை இருக்கும். அதில் ஐன் மட்டும்தான் அந்தப் பத்தில் இல்லாதது. ஐனைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னாலிருக்கும் ‘இஸ்தி’யை எடுங்கள், பின்னாலிருக்கும் ‘ஆத்’தை எடுங்கள், நடுவிலுள்ள நெடிலை எடுங்கள். ஐன், லாம், மீம்: அறிவு. அறிவு நாடும் இடம், அதாவது விசாரணை கவுண்டர்.

இரட்டித்தால் பிறவினை

ஆடு, ஆட்டு. திருந்து, திருத்து. மாறு, மாற்று. தானே செய்வதைப் பிறரைச் செய்ய வைப்பதாக மாற்ற நாம் உள்ளே ஒற்றை வலிக்கிறோம். அரபியும் அதைத்தான் செய்கிறது, நடு எழுத்தை இரட்டித்து. தரஸ, படித்தான், தர்ரஸ, பாடம் சொல்லிக்கொடுத்தான். வஸல, வந்து சேர்ந்தான். வஸ்ஸல, கொண்டுபோய்ச் சேர்த்தான். டிரைவர் தம்பிக்கு இந்த ஒரு சோடி போதும், வேலையின் பாதி அதில் இருக்கிறது. மரள் என்றால் நோய், மரீள் என்றால் நோயாளி, நடு எழுத்தை இரட்டித்த முமர்ரிளா என்றால் நர்ஸ். என் வேலையின் பெயர் நோயின் பெயரிலிருந்தே வந்திருக்கிறது. முஸ்தஷ்ஃபா என்றால் மருத்துவமனை, ஷிஃபா, குணம். ‘இஸ்த’ அச்சு உள்ளே இருப்பதைப் பாருங்கள்: குணம் நாடிப் போகும் இடம்.

காணாமல் போகும் எழுத்து

வாவ், யே என்ற இரண்டு எழுத்தும் வேரில் இருந்தால் எச்சரிக்கை. மணியடித்தான், பூவழகு என்று தமிழில் ய், வ் இரண்டும் உடம்படுமெய்யாக உள்ளே வந்து சேரும். அரபியில் அதே இரண்டும் வேருக்குள் இருந்துகொண்டு, சமயத்தில் கரைந்து போய்விடும். ஒரு நோயாளி “மா நிம்த்” என்று காலையில் சொன்னார். ‘நிம்’ என்று தொடங்கும் சொல்லை இரண்டு வாரம் தேடினேன். நூன், வாவ், மீம் என்ற வேர் அது, தூக்கம். நான் தூங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். நடுவில் இருந்த வாவ் கரைந்துவிட்டது. மூன்று மெய்க்குப் பதில் இரண்டுதான் கையில் நிற்கிறது என்றால், நடுவில் வாவ் வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் யே வையுங்கள். இகாமா என்று கையில் வைத்திருப்பீர்களே, குடியிருப்பு அட்டை, அதிலும் இப்படி ஒரு வாவ் கரைந்திருக்கிறது. நம் ஊர் ‘முகாம்’ அதே வேர்.

வினைத் திரிபை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தகாலம் நமக்குச் சுலபம். எழுதினேன், எழுதினாய் போல யார் என்பது பின்னால் ஒட்டும்: கதப்து, கதப்த. நிகழ்காலத்தில் அது முன்னால் ஓடிவிடும்: அக்துப், எழுதுகிறேன், நக்துப், எழுதுகிறோம், யக்துப், எழுதுகிறான். ‘உம்’ நமக்குப் பின்னால், அவர்களுக்கு ‘வ’ முன்னால். இதெல்லாம் வாயில் பழகிவிடும். பயப்படத் தேவையில்லை.

பன்மைக்குத்தான் பொறுமை வேண்டும். ‘கள்’ போட்டால் முடிந்தது என்ற சுகம் அங்கே எல்லாச் சொல்லுக்கும் கிடையாது. பல சொற்கள் உள்ளே உடைந்து வேறு அச்சில் விழும். கிதாப், குதுப். கல்ப், குலூப். மக்தப், மகாதிப். ளிலஃ என்றால் விலா எலும்பு, பன்மை அள்லாஃ. ஜில்லா என்பதும் அந்த ளிலஃதான், நாட்டின் ஒரு பக்கம், ஒரு விலா. அப்பா எழுதிய பழைய நகல்களில் இந்த ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது, 1965க்குப் பின் தர்மபுரியில், 2004க்குப் பின் தனி மாவட்டம். எக்ஸ்ரேயில் விலா எலும்பை எண்ணும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். பன்மையைத் தனிப்பட்டியலாகப் படிக்காதீர்கள். ஒருமையைச் சொல்லும் மூச்சிலேயே பன்மையையும் சொல்லிப் பழகுங்கள். ஒரு ஆறுதல் உண்டு: மனிதர் அல்லாத பன்மைக்கு அரபியில் வினை ‘அவள்’ உருவத்தில் வரும். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு அந்த விதி விநோதமாகப் படாது.

வேர் தெரிந்ததும் அவசரப்படாதீர்கள்

தாலுக்கா சொற்கள் கதவைத் திறக்கும். ஆனால் பொருள் வழியில் மாறியிருக்கும். தக்ரார் என்றால் அரபியில் திரும்பத் திரும்பச் செய்தல். நம் ஊரில் அது தகராறு. ரத் என்றால் பதில். போன் எடுக்கவில்லை என்றால் அந்தச் சொல்தான் வரும். நக்ல் என்றால் இடம் மாற்றிக் கொண்டுபோவது. ரத்தம் ஏற்றுவதை நக்ல் தம் என்பார்கள். நகல் எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய்விடக் கூடாது. வக்கீல் என்றால் பிரதிநிதி. நீதிமன்ற வக்கீலுக்கு முஹாமி என்று வேறு சொல். வஅத் என்ற வேர் நம் வாய்தா. அங்கே மவ்இத் என்றால் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். வசூல் என்றால் வந்து சேருதல். அதில் பணம் கிடையாது. மகசூலும் வசூலும் காதுக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் வேர் வேறு. ஒன்றில் ஹா, இன்னொன்றில் வாவ்.

அதனால் என் நோட்டில் ஊர்ச்சொல்லைப் பச்சை மையில் எழுதுவேன், அரபிப் பொருளை நீல மையில். பச்சை, வேரை ஞாபகம் வைக்க. நீலம், வாயைத் திறந்து பேச.

போன மாதம் ஊத்தங்கரைப் பெண் தம்மாமுக்கு வேலைக்குப் போனாள். விமானம் இறங்கி, பெட்டிக்குக் காத்திருக்கும்போதே எனக்குப் போன் செய்தாள். பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அக்கா, பெரிய பலகைல வசூல்னு போட்டிருக்கு. வாவ், ஸாத், லாம். துகூல், குரூஜ் மாதிரி ஃபுஊல் அச்சு, சரியா?”

சரி என்றேன். சாப்பிட்டாயா, யாராவது கூட்டிப்போக வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், எழுத்தை ஒவ்வொன்றாக அழுத்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

“வஸல்து, அக்கா.”

வந்து சேர்ந்துவிட்டேன்.